குறி வைப்பது கண். அம்பு விடுவது கை!

மகாபாரதத்தில் துரோணர் வைத்த தேர்வு நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். மரத்தின் மேல் ஒரு பொம்மைப் பறவை. "என்ன தெரிகிறது?" என்று ஒவ்வொரு சீடனையும் கேட்கிறார் குரு. மரம், கிளை, இலை, பக்கத்தில் நிற்கும் நீங்கள் என்று அடுக்கியவர்களுக்கெல்லாம் அம்பு விட அனுமதி இல்லை. அர்ஜுனன் மட்டும், "பறவையின் கண் தெரிகிறது" என்கிறான். "விடு அம்பை!" என்கிறார் குரு.

நண்பர்களே, இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, சீடன் எதைப் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ளத் துரோணருக்கு வாய்விட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டாவது, அர்ஜுனன் பார்த்த மாத்திரத்தில் பறவை விழுந்துவிடவில்லை. கண் குறி வைத்தது. கைதான் அம்பை விட்டது.

முதல் பிரச்சினையை மின்னணுவியல் தீர்த்துவிட்டது. நாம் எதைப் பார்க்கிறோம் என்பதை நம்மைக் கேட்காமலே கண்டுபிடிக்கும் கருவி வந்தாகிவிட்டது. ஆனால் இரண்டாவது விஷயத்தை மறந்துவிட்டு அந்தக் கருவியைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மெய்நிகர் உலகமும் அதன் முதல் சிக்கலும்

தலையில் ஒரு கவசக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னால் ஒரு சிறு திரை. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். நாம் வேறொரு அறையில், வேறொரு ஊரில் நிற்பது போல இருக்கும். 'விர்ச்சுவல் ரியாலிட்டி' என்ற மெய்நிகர் உலகம் இதுதான். இதற்கு விதை போட்டவர் அமெரிக்காவின் ஐவன் சதர்லேண்ட். 1965-ல் இப்படியொரு திரையைக் கற்பனை செய்து ஒரு கட்டுரை எழுதினார். பார்வையாலேயே கணிப்பொறிக்குக் கட்டளையிட முடியுமா என்ற கேள்வியை அந்தக் கட்டுரையிலேயே எழுப்பியிருந்தார். 1968-ல் தலையில் மாட்டும் திரையைச் செய்தும் காட்டினார்.

அந்த உலகத்துக்குள் போனதும் முதல் வேலை என்ன? ஒரு பொருளைத் திறக்கணும், நகர்த்தணும், திருப்பணும் என்றால் முதலில் "இதைத்தான் சொல்கிறேன்" என்று காட்ட வேண்டும். இதற்குப் பெயர் தேர்வு செய்தல். மேசைக் கணிப்பொறியில் மவுஸ் இருக்கிறது. மெய்நிகர் உலகத்தில் மேசையே கிடையாதே! எனவே கையில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியைக் கொடுத்து, அதிலிருந்து டார்ச் வெளிச்சம் போல ஒரு கோடு கிளம்பும்படி செய்தார்கள். கோடு எந்தப் பொருளில் படுகிறதோ அதுதான் தேர்வு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பத்து நிமிஷம் கையை நீட்டிக்கொண்டே இருந்து பாருங்கள், தோள் கழன்றுவிடும். அதோடு, தூரத்துப் பொருள் என்றால் கை சற்று நடுங்கினாலும் கோடு எங்கேயோ போய்விடும்.

கண்ணுக்கு இந்தச் சிரமம் இல்லை. கை நகரும் முன்பே கண் பொருளின் மேல் போய் நின்றுவிடுகிறது. அப்படியானால் அந்தக் கண்ணையே சுட்டுவிரலாக வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றுவது இயற்கைதானே?

கண் எப்படி நகர்கிறது? நீங்களே பாருங்கள்

ஒரு செய்தித்தாளின் நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். நண்பனை அந்தத் தாளைப் படிக்கச் சொல்லிவிட்டு, பின்புறமிருந்து ஓட்டை வழியாக அவன் கண்ணைக் கவனியுங்கள். கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போகாது. ஒரு தாவல், ஒரு நிறுத்தம், மறுபடி தாவல், மறுபடி நிறுத்தம் என்று போகும்.

நிறுத்தத்துக்கு நிலைப்பார்வை என்று பெயர் வைத்துக்கொள்வோம். இது பெரும்பாலும் 200 முதல் 300 மில்லி வினாடி வரை நீடிக்கும். தாவல் அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். பெரிய தாவலின்போது கண் வினாடிக்கு 500 டிகிரிக்கும் மேலான வேகத்தில் சுழல்கிறது. நம் உடம்பின் மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று. தாவும் நேரத்தில் காட்சி கலங்கித் தெரியாதபடி மூளை பார்வையைத் தணித்துவிடுகிறது. அதனால்தான் கண்ணாடி முன் நின்று, இடது கண்ணிலிருந்து வலது கண்ணுக்குப் பார்வையை மாற்றினால் நம் கண் நகர்வது நமக்கே தெரிவதில்லை.

ஏன் இப்படித் தாவ வேண்டும்? விழித்திரையின் நடுவிலுள்ள ஒரு சிறு பகுதி மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலைத் தூக்குங்கள். அந்த நகத்தின் அகலம் ஏறக்குறைய 2 டிகிரி. கூர்மையான பார்வை அவ்வளவுதான்! மற்றதெல்லாம் மங்கல். எனவே உலகத்தைப் பார்க்கக் கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு சோதனை. எதிரே ஒன்றும் இல்லாமல் கண்ணை இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டு போக முயலுங்கள். முடியாது, தாவித் தாவித்தான் போகும். இப்போது உங்கள் விரலை மெதுவாக நகர்த்தி அதைப் பின்தொடருங்கள். கண் அழகாக வழுக்கிக்கொண்டு போகும். இது தொடர்பார்வை. நகரும் பொருள் இருந்தால்தான் இது வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

கருவி கண்ணை எப்படிப் பார்க்கிறது?

ஒரு நூற்றாண்டுக்கு முன் எட்மண்ட் ஹ்யூவி என்ற அமெரிக்கர், படிக்கும்போது கண் நகர்வதைப் பதிவு செய்யக் கண்ணின் மேலேயே ஒரு சிறு கிண்ணத்தை ஒட்டி, அதில் மெல்லிய அலுமினியக் குச்சியை இணைத்தார். சோவியத் விஞ்ஞானி ஆல்ஃபிரட் யார்பஸ், கண்ணில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் மூடியில் குட்டிக் கண்ணாடியை வைத்து ஒளிக்கற்றையால் பதிவு செய்தார். கேட்கும்போதே நமக்குக் கண் கூசுகிறது!

இன்றைக்கு அந்தக் கொடுமை இல்லை. கவசத்துக்குள் சில அகச்சிவப்பு எல்.இ.டி.க்களும் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சிறு கேமராவும் இருக்கின்றன. டி.வி. ரிமோட்டின் முனையைப் பார்த்துப் பட்டனை அழுத்துங்கள், ஒன்றும் தெரியாது. பல செல்போன் கேமராக்கள் வழியாகப் பார்த்தால் ஒளி மின்னும். அதே குடும்பத்து ஒளிதான் இதுவும். நமக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

அந்தப் படத்தில் கண்ணின் பாவை கரிய வட்டமாகத் தெரியும். கண்ணின் முன்பக்கத்து வளைந்த கார்னியாவில் எல்.இ.டி.யின் பிரதிபலிப்பு வெள்ளைப் பொட்டாக விழும். கண் திரும்பும்போது பாவை நகரும். வெள்ளைப் பொட்டு அவ்வளவாக நகராது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் திசையும் எவ்வளவு மாறின என்பதிலிருந்து பார்வையின் திசையைக் கணக்கிடுகிறார்கள்.

ஆனால் ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு விதம். எனவே முதலில் கேலிப்ரேஷன். திரையில் ஐந்தோ ஒன்பதோ புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். நாம் பார்த்துக்கொண்டே வர வேண்டும். நம் லேபில் அம்மீட்டரைத் தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது மாதிரிதான். அதன் பிறகு கவசம் சற்று நழுவினாலும் கணக்கு கெட்டுவிடலாம். மூக்குக் கண்ணாடி கூடுதல் பொட்டுகளை உண்டாக்கும். இமையில் கருமையாகத் தீட்டிய மையைப் பாவை என்று கருவி ஏமாந்துபோவதும் உண்டு.

ஒரு டிகிரிப் பிழை என்பது எவ்வளவு?

நல்ல கேலிப்ரேஷன் செய்த கருவியிலும் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை பிழை இருப்பது சாதாரணம். "ஒரு டிகிரிதானே?" என்று நினைக்காதீங்க. ஒரு டிகிரியின் டேஞ்சன்ட் மதிப்பு 0.01746. அதைத் தூரத்தால் பெருக்கினால்:

1 மீட்டர் தூரத்தில் பிழை 1.7 செ.மீ.
3 மீட்டரில் 5.2 செ.மீ.
10 மீட்டரில் 17.5 செ.மீ.

பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் அலமாரியில் நீங்கள் ஒரு புத்தகத்தைப் பார்க்க, கருவி பக்கத்துப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கும். எனவே ஒற்றைக் கோட்டுக்குப் பதில் கூம்பு வடிவில் தேடுவது ஒரு வழி. பார்வைத் திசையைச் சுற்றிச் சில டிகிரிக்குள் இருக்கும் பொருள்களில், எதன் கோணம் மிகக் குறைவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, அ என்ற பொருள் 2 மீட்டர் முன்னால், பார்வைக் கோட்டிலிருந்து 10 செ.மீ. விலகி இருக்கிறது. ஆ என்ற பொருள் 5 மீட்டர் முன்னால், 14 செ.மீ. விலகி இருக்கிறது. செ.மீ. கணக்கில் அ-தான் கிட்டே. ஆனால் கோணத்தில் அ சுமார் 2.9 டிகிரி, ஆ சுமார் 1.6 டிகிரி. கண்ணின் கணக்கு கோணக் கணக்கு. எனவே தேர்வு ஆ-வுக்கே!

இரண்டு கண்ணும் குவியும் கோணத்தை வைத்துத் தூரத்தையும் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். இரு பாவைகளுக்கும் இடைவெளி 6.3 செ.மீ. என்று கொண்டால், 1 மீட்டரில் குவிகோணம் 3.6 டிகிரி. 5 மீட்டரில் 0.72, 10 மீட்டரில் 0.36. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கருவியின் பிழையைவிடச் சிறியது! ஆகவே ஜன்னல் கண்ணாடியைப் பார்க்கிறீர்களா, அதற்கு அப்பால் உள்ள மரத்தைப் பார்க்கிறீர்களா என்பதைத் தூரம் கூடிவிட்டால் குவிகோணத்தை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது.

பார்த்ததெல்லாம் பொன்னானால்?

இதெல்லாம் அளவுப் பிழைகள். நல்ல கேமரா, நல்ல கணக்கு வந்தால் குறைந்துகொண்டே போகும். ஆனால் ஒரு பிரச்சினை பிழையே இல்லாத கருவியிலும் இருக்கும். அதுதான் பெரியது.

1990-ல் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் ஜேக்கப் இதற்கு மைதாஸ் பிரச்சினை என்று பெயர் சொன்னார். தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று வரம் வாங்கிய மைதாஸ் அரசனுக்குச் சோறும் பொன்னாகிப் பட்டினி கிடந்த கதைதான். பார்த்ததெல்லாம் தேர்வானால், நம்மால் எதையும் சும்மா பார்க்கவே முடியாது! "இது என்ன பட்டன்?" என்று படிக்கப் போனால் அதற்குள் அது அழுந்திவிடும். "ஐயோ, அழிச்சிடாதே" என்று பதறி அதைப் பார்த்தால், பார்த்ததனாலேயே அழிந்துவிடும்.

மவுஸ் கையில் இருக்கிறது. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். கண்ணைக் கழற்றி வைக்க முடியுமா? கண் முதலில் செய்தியை வாங்கும் உறுப்பு. அதையே கட்டளை கொடுக்கும் உறுப்பாகவும் ஆக்கினால், கேட்கும் காதாலேயே பேசச் சொல்வது மாதிரி. நம் புராணத்தில் பார்வையாலேயே எரிக்கும் கண் ஒன்று உண்டு. அந்த நெற்றிக்கண் எப்போதும் மூடியே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்!

விடை தேடியவர்கள்

தங்கும் நேரம்: பொருளைக் குறிப்பிட்ட நேரம் தொடர்ந்து பார்த்தால் மட்டும் தேர்வு. தவறினால் எளிதில் திருத்தக்கூடிய காரியம் என்றால் 150 முதல் 250 மில்லி வினாடி வரை போதும் என்று ஜேக்கப் கண்டார். கண்ணால் எழுத்து அடிக்கும் பலகைகளில் அரை வினாடி, ஒரு வினாடி என்றும் வைக்கிறார்கள். குறைத்தால் தவறு கூடும், கூட்டினால் கண் சலித்துப்போகும்.

கண்ணும் கையும்: கண் குறி வைக்கட்டும், உறுதி செய்வது கை. 2017-ல் கென் ஃபாய்ஃபர், ஹான்ஸ் கெல்லர்சன் முதலியோர், பொருளைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தால் தேர்வாகும் முறையை மெய்நிகர் உலகத்துக்காக விளக்கினார்கள். கையைத் தூக்கி நீட்ட வேண்டாம், மடியில் வைத்தபடியே விரலைச் சேர்த்தால் போதும். 2024 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ கவசத்தின் அடிப்படை முறையும் இதுவே.

தொடர்பார்வை: முன்னால் செய்த விரல் சோதனை இங்கே உதவுகிறது. பொருள்களைச் சுற்றிச் சிறு புள்ளிகளை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஓடவிடுகிறார்கள். எந்தப் புள்ளியின் ஓட்டத்தோடு கண்ணின் ஓட்டம் ஒத்துப்போகிறதோ அந்தப் பொருள் தேர்வு. ஓட்டத்தின் வடிவத்தை மட்டும் ஒப்பிடுவதால் கேலிப்ரேஷனே வேண்டாம்! பொதுத் திரைகளுக்காக 2013-ல் வெளியான இந்த யோசனை பிறகு மெய்நிகர் உலகத்துக்கும் வந்தது.

தலையசைவு: கண்ணால் பார்த்துவிட்டுத் தலையாட்டி "ஆமாம்" என்று சொல்வது. அல்லது கண் ஏறக்குறைய இடத்தைக் காட்ட, தலையை மெல்லத் திருப்பிச் சரிசெய்வது.

கண்ணைச் சிமிட்டினால் தேர்வு என்று வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கண் தானாகவே நிமிஷத்துக்குப் பல தடவை சிமிட்டுகிறதே! வேண்டுமென்று சிமிட்டியதையும் தானாகச் சிமிட்டியதையும் பிரிப்பது இன்னொரு தலைவலி.

வேகம் கிடைத்தது, ஞாபகம்?

2000-ல் வில்டன் டான்ரிவெர்டியும் ராபர்ட் ஜேக்கப்பும் மெய்நிகர் உலகத்தில் கண்ணையும் கையையும் போட்டி போட வைத்தார்கள். தூரத்துப் பொருள்களில் கண் வென்றது, கையைவிட வேகம். ஆனால் பிறகு "எது எங்கே இருந்தது?" என்று விசாரித்தபோது, கண்ணால் வேலை செய்தபோதைவிடக் கையால் சுட்டியபோது ஞாபகம் நன்றாக இருந்தது.

இது யோசிக்க வைக்கும் முடிவு. வேலையை எளிதாக்குவது மட்டுமே நல்ல வடிவமைப்பு ஆகிவிடாது. ஒரு இயந்திரத்தின் பாகங்களைக் கற்றுக்கொடுக்க மெய்நிகர் பயிற்சி அமைத்தால், கையால் எட்டிப் பிடிப்பதே நல்லதாக இருக்கலாம். நாம் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்துக் கற்றது பார்த்துக் கற்றதைவிட மனதில் நிற்கிறதல்லவா?

கை அசையாதவர்களுக்கு

இதுவரை "கை உறுதி செய்யட்டும்" என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். கை அசையாதவர்கள்? மோட்டார் நியூரான் நோய் முற்றியவர்களில் பலருக்குக் கடைசி வரை கட்டுப்பாட்டில் இருப்பது கண்ணசைவு. பெருமூளை வாதம் கடுமையாக உள்ள பலருக்கும் கை சொன்னபடி கேட்காது. நமக்குக் கண் ஒரு வசதி. அவர்களுக்கு அதுவே வாய், அதுவே கை. பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் சென்னை வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து, பேச்சும் அசைவும் பாதிக்கப்பட்டவர்கள் கண்ணால் இயக்கும் ரோபோ கையை உருவாக்கியிருக்கிறார்கள்.

எனவே "விரல் சேர்த்தால்தான் வேலை நடக்கும்" என்று ஒரே வழியை வைத்துப் பூட்டிவிடக் கூடாது. தங்கும் நேர முறையும் இருக்க வேண்டும். அந்த நேரத்தை அவரவர் கூட்டிக் குறைத்துக்கொள்ள வசதி வேண்டும். நேரம் ஓடுவதை ஒரு வளையம் நிரம்புவது போலக் காட்டினால், "வேண்டாம்" என்று கண்ணை விலக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். எதையும் தேர்வு செய்யாத வெற்றிடம் ஒன்று திரையில் இருக்க வேண்டும், கண் இளைப்பாற. தவறினால் திரும்பப் பெறும் வழியும் கட்டாயம். நமக்கு ஒரு தவறான தேர்வு எரிச்சல். அவருக்கு அது, தண்ணீர் கேட்டபோது விளக்கை அணைத்துவிட்டுப் போவது போன்றது.

கண் சொல்லிவிடும் ரகசியம்

யார்பஸ் செய்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். ரேபின் வரைந்த ஓவியம் ஒன்றைக் காட்டி, "இந்தக் குடும்பம் வசதியானதா?", "இவர்களுக்கு என்ன வயது?" என்று வெவ்வேறு கேள்விகள் கேட்டார். ஓவியம் ஒன்றே. ஆனால் கேள்வி மாற மாறக் கண் போன பாதையும் மாறியது. அதாவது, மனதில் ஓடுவது கண்ணின் பாதையில் எழுதப்பட்டுவிடுகிறது. 1967-ல் அவர் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தபோது இது மனவியல் செய்தி. இன்று வணிகச் செய்தி! கடையில் எந்தப் பொருளைப் பார்த்தும் வாங்காமல் போனோம், யார் முகத்தில் கண் நின்றது என்பதெல்லாம் பதிவாகக்கூடும். சொன்ன சொல்லுக்கு நாம் பொறுப்பு. சும்மா பார்த்ததற்குமா? விஷன் புரோவில், நாம் பார்க்கும் இடம் செயலிகளுக்குத் தரப்படுவதில்லை, விரல் சேர்த்துத் தேர்ந்தது மட்டுமே போகிறது என்று அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. இது எல்லாக் கருவிகளுக்கும் விதியாக வேண்டும் என்பது என் கருத்து.

முடிவுரை

நண்பர்களே, விலை உயர்ந்த கவசம் இல்லாவிட்டாலும் இந்தத் துறையில் கை வைக்க நம்மால் முடியும். சாதாரண வெப் கேமராவால் சில டிகிரி பிழையோடு பார்வையை அளக்கலாம். நான்கே நான்கு பெரிய கட்டங்கள்: தண்ணீர், வலி, ஆமாம், இல்லை. அவ்வளவு போதும் ஒரு புராஜெக்டுக்கு. தங்கும் நேரத்தை மாற்றி மாற்றி, தவறுகளை எண்ணி ஒரு வரைபடம் போடுங்கள். கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று டேஞ்சன்ட் போட்டுப் பாருங்கள். வைவாவில் எந்தக் கேள்வி வந்தாலும் பயமில்லை.

ஆனால் சர்க்யூட் போடும் முன், புரோகிராம் எழுதும் முன், துரோணரின் மரத்தடியை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பது வேறு, விரும்புவது வேறு, முடிவெடுப்பது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடும் கருவி எவ்வளவு வேகமாக இருந்தாலும் நல்ல கருவி அல்ல. அர்ஜுனனின் கண் குறியில் நின்ற பிறகும் அம்பு அவன் வசமே இருந்தது. நாம் செய்யும் கருவியிலும், கையால் ஆனாலும் கண்ணாலேயே ஆனாலும், அம்பை விடுவது மனிதனின் வசமே இருக்கட்டும்!